பேச்சிமுத்துவின் உதட்டுக்கு ஏற்ற மவுத்பீஸ்

மீரட்டிலிருந்து வந்த பார்சலை எட்வின் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தான் வேலை பார்க்கிற, பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்திலேயே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு ஓரமாக உட்கார்ந்து பிரித்தான். உள்ளே மூன்று மவுத்பீஸ்கள் இருந்தன. பெரிய டியூபாவின் குழாயில் செருகி, உதட்டை வைத்து ஊதுகிற கிண்ணங்கள். இரண்டு வெள்ளி முலாம் பூசியவை. ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக்.

எட்வின் டியூபாக்காரன் இல்லை. ராஜபாளையத்தில் சுந்தரபாண்டியன் மாஸ்டர் நடத்துகிற பேண்டு செட்டில் அவன் டிரம்பெட். டியூபா வாசிப்பவர் பேச்சிமுத்து. கொத்தனார் வேலை பார்க்கிறவர், எட்வினைவிட எட்டு வயது மூத்தவர். ஒன்பது பேர் கொண்ட செட்டில் அவர் ஊதுகிற அடிச்சத்தத்தின் மேல்தான் மற்ற எட்டுப் பேரும் நிற்பார்கள். ஆவணியிலிருந்து அந்தச் சத்தம் இல்லை.

ஆவணியில் கூமாப்பட்டியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு, தாலிகட்டு எல்லாம் முடிந்ததும் செட்டு வேன் இன்னொரு இடத்துக்குக் கிளம்பிவிட்டது. அங்கே டிரம்ஸ் மட்டும் போதும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எட்வினும் பேச்சிமுத்துவும் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எட்வினின் பைக்கில் கிளம்பினார்கள். டிரம்பெட் டேங்க் மேல். டியூபா பேச்சிமுத்துவின் மடியில், குழந்தையைக் கட்டிக்கொள்வதைப் போல. வத்திராயிருப்பு தாண்டியதும் அவருக்குக் கண்ணைச் சொக்கிவிட்டது. எட்வினின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் எட்வினின் போன் அடித்தது. மணவீட்டுப் பையன் ஒருவன் வீடியோ அனுப்பியிருந்தான். எட்வின் தனியாக வாசித்த பாட்டு. ஆள் இல்லாத ரோடுதானே என்று ஒரு கையால் போனை எடுத்து, தன்னைத்தானே பார்த்துக்கொண்டே ஓட்டினான். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் கூட்டம் கை தட்டுவது வரைக்கும் பார்த்தான். அதற்குள் முன்சக்கரம் தாரைவிட்டு இறங்கி, பாலத்துக் கல்லில் மோதியது.

எட்வினுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பேச்சிமுத்து டியூபாவைக் கட்டிக்கொண்டபடியே குப்புற விழுந்தார். மவுத்பீஸைக் கழற்றாமல் வைத்திருந்தார். அது நேராக அவர் வாயில் இறங்கியது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போய், மேலுதடு கிழிந்து தொங்கியது.

வயலில் நின்ற ஆட்கள் ஓடி வந்தார்கள். "எப்பிடிப்பா விழுந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். எட்வின் யோசிக்கக்கூட இல்லை. "பின்னால வெயிட்டு ஒரு பக்கமா சாஞ்சிருச்சுண்ணே. பிடிக்க முடியலை" என்றான். வாயைத் துண்டால் பொத்தியபடி மண்ணில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வை எதற்கு என்று எட்வினுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னான். மாஸ்டரிடமும் அதையே சொன்னான். நாலாவது தடவை சொல்லும்போது அது நடந்த விஷயம் மாதிரியே வாயில் வந்தது.

கையில் மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் பேச்சிமுத்துவின் மனைவி மாரியாத்தாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எட்வின் வீட்டுக்கு நாட்டுக்கோழி ரசம் கொண்டுவந்தாள். "எலும்பு கூடணும்லா, குடிங்க தம்பி" என்பாள். எட்வின் குடித்தான். தூக்குவாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஐப்பசி கடைசியில் பேச்சிமுத்துவுக்குப் புதுப் பல் கட்டினார்கள். கார்த்திகையில் டியூபாவை எடுத்தார். நாலு சுரம் ஊதுவதற்குள் உதடு வலித்துத் தெறித்தது. தழும்பு மேலே, பழைய மவுத்பீஸின் விளிம்பு சரியாக அதே இடத்தில் உட்கார்ந்தது. மாஸ்டர் பொறுமைசாலிதான். ஆனால் தையில் தளவாய்புரத்தில் ஒரு பெரிய கல்யாணம் பேசியிருந்தார். "மார்கழிக்குள்ள தெரியணும் பேச்சி. இல்லைன்னா நான் வெளியாளைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எட்வின் போனில் இரவு பகலாகத் தேடி, யார் யாரிடமோ கேட்டு, அந்த மூன்றையும் வரவழைத்தான்.

*

பல் கட்டிய டாக்டர் ஜனனியின் ஆஸ்பத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. மவுத்பீஸ் விஷயத்தை எட்வின் போனில் சொன்னபோது, "அந்த வாத்தியத்தையும் கொண்டு வாங்க. நான் பார்க்கணும்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

இருவரும் டவுன் பஸ்ஸில் போனார்கள். எட்வின் பைக்கை எடுப்பதை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. டியூபாவைப் பார்த்த கண்டக்டர், "இதை எங்கண்ணே வைக்கப் போறீங்க? ரெண்டு ஆளு இடம் கேக்குது" என்றார். பேச்சிமுத்து கடைசி சீட்டின் மூலையில் அதை நிறுத்தி, விழாமல் இருக்கக் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். மவுத்பீஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது. இப்போதெல்லாம் கழற்றாமல் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை.

டாக்டர் ஜனனிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மவுத்பீஸ்களை மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். பிறகு பல் கடிபடும் இடத்தைப் பார்ப்பதற்கு வைத்திருந்த நீல மைத்தாளை எடுத்து, ஒவ்வொரு விளிம்பிலும் தேய்த்தாள்.

"எப்பவும் வைக்கிற மாதிரி வையுங்க. ஊத வேண்டாம், அழுத்த மட்டும் செய்யுங்க."

பேச்சிமுத்து பழைய மவுத்பீஸை வைத்து எடுத்தார். உதட்டில் நீல வளையம் ஒன்று விழுந்தது. மேல்பக்கம் அது தழும்பின் முடிச்சுக்கு நேர்மேலே ஓடியது. டாக்டர் கண்ணாடியைக் காட்டினாள். "பார்த்தீங்களா? தையல் போட்ட இடத்துலேயே உட்காருது. விளிம்பும் ஒல்லி. அழுத்தம் பூரா ஒரே கோட்டுல விழுது. அதுக்குப் பின்னாடிதான் நான் கட்டின பல்லு இருக்கு."

பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை வைத்தார்கள். அது பழையதைவிடச் சின்னது. வளையம் உதட்டுச் சிவப்பிலேயே விழுந்தது. வேண்டாம் என்றாள். பிளாஸ்டிக் சரியான இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் அதன் காம்பு டியூபாவின் குழாய்க்குப் பெரிதாக இருந்தது, பாதிகூட உள்ளே இறங்கவில்லை. கடைசியாக ஒன்று மிச்சம். கிண்ணம் பழையதைவிட ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலம், விளிம்பு நல்ல பட்டை. அதன் வளையம் முடிச்சைத் தாண்டி, மூக்குக்குக் கீழே நல்ல தோலில் விழுந்தது.

"இதுதான்" என்றாள் டாக்டர்.

காத்திருக்கும் அறையில் அப்போது ஒரு அம்மாள் மட்டும் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு பேச்சிமுத்து அங்கேயே நின்று ஊதினார். சத்தம் வந்தது. ஆனால் அது பேச்சிமுத்துவின் சத்தமாக இல்லை. தொளதொளவென்று, சுருதிக்குக் கொஞ்சம் கீழே தொங்கியது. மூன்றாவது மூச்சில் அவருக்கு இரைத்தது.

"காத்து பூரா ஓடிருதும்மா. நிக்க மாட்டேங்குது."

"கிண்ணம் பெருசுல்ல. உதடும் இன்னும் பழகலை. தினம் பத்துப் பத்து நிமிஷமா ஊதுங்க. மாசம் ஒண்ணு ஒண்ணரை ஆகலாம்."

"பழசுல ஊதினா?"

"இப்பவே ஊதிடுவீங்க. ஆனா தழும்பு கிழியும். பல்லும் ஆட்டம் கொடுக்கும். அப்புறம் எதுலயுமே ஊத முடியாது." அவள் எட்வினைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. உங்க பேச்சைக் கேட்பார்ல?"

எட்வின் தலையை ஆட்டினான்.

*

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் டியூபாவை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். எட்வின் டீ வாங்கி வந்தான். பேச்சிமுத்து ஆற்றி ஆற்றி, வாயின் ஒரு ஓரமாகக் குடித்தார்.

"நான் பழசுலயே வாசிக்கேன்லே" என்றார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, கேட்டீங்கல்லா?"

"கேட்டேன். மார்கழி முடிய எத்தனை நாள் இருக்கு? என்னால மாஸ்டர் வெளியாளுக்கு அலையணுமா? வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. நான் செஞ்ச வேலைக்கு நான்தான் படணும்."

"நீங்க என்னண்ணே செஞ்சீங்க?"

பேச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "இதை உங்கிட்ட எப்பவோ கேட்டிருக்கணும். எனக்கு வாய் வரலை. அன்னைக்கு வயிறு முட்டத் தின்னுட்டு உன் முதுகுல படுத்துத் தூங்கிட்டேன். இம்புட்டுப் பெரிய சாமானை மடியில வச்சுக்கிட்டு எவனாவது தூங்குவானா? நான் சாஞ்சேன், வண்டி சாஞ்சிருச்சு. நீ அந்த ஆளுகட்ட சொல்லும்போதே எனக்கு விளங்கிருச்சு. ஆனா ஒரு நாள்கூட நீ எம்மூஞ்சிக்கு நேரா குத்திப் பேசலை. உன் கையை ஒடிச்சவனுக்கே ஓடி ஓடி மவுத்பீஸ் வாங்குறே." அவர் கையை நீட்டி எட்வினின் இடது மணிக்கட்டைத் தொட்டார். "என்னைத் தப்பா நினைக்காதலே."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எட்வினுக்கு உள்ளே அடித்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் எழுந்து ஓடியது. பேச்சிமுத்து டியூபாவைத் தூக்கினார், எட்வின் பின்னால் ஏறினான். பஸ் வந்ததுதான் காரணம் என்று ராஜபாளையம் வருகிற வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். இறங்கும்போது அதை அவனே நம்பவில்லை. ரோட்டில் சொன்னது பயத்தில் வந்த பொய். பஸ் ஸ்டாண்டில் ஒரு மனிதன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை.

*

மாஸ்டரின் சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பயிற்சி நடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சிமுத்து டியூபாவோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பழைய மவுத்பீஸைச் செருகினார். எட்வின் பார்த்தான். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆரம்பித்த உடனேயே கொட்டகை நிறைந்தது. அதே பழைய சத்தம், தரையிலிருந்து கிளம்பி உள்ளங்காலில் ஏறியது. நாலு மாதமாகக் காற்றில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காலுக்குக் கீழே தரை வந்த மாதிரி இருந்தது. கிளாரினெட் வாசிக்கிற இருளப்பசாமி வாசித்துக்கொண்டே சிரித்தார்.

மூன்று பாட்டு முடிந்ததும் மாஸ்டர் கையைத் தட்டினார். "அப்பிடியே வந்துருச்சுலே! தளவாய்புரத்துக்கு வெளியாளே வேண்டாம்."

பேச்சிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி வாயைத் துடைத்தார். துண்டை மடித்து மடியில் வைத்தார். மடிப்புக்கு வெளியே சிவப்பு தெரிந்தது. மவுத்பீஸின் விளிம்பிலும் இருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணே, அதைக் கழட்டுங்க" என்றான் எட்வின்.

"சும்மா வாசிலே."

"கழட்டுங்கண்ணே. நீங்க தூங்குனதால வண்டி விழலை."

எல்லாரும் திரும்பினார்கள். எட்வின் டிரம்பெட்டை நாற்காலியில் வைத்தான். கையில் எதுவும் இல்லாமல் நிற்பது கஷ்டமாக இருந்தது.

"நான் போன் பாத்துக்கிட்டு ஓட்டுனேன். கல்யாணத்துல நான் வாசிச்ச வீடியோ. ரோட்டை விட்டு இறங்குனதே எனக்குத் தெரியலை. வெயிட்டு சாஞ்சதுன்னு சொன்னது பொய். எல்லார்கிட்டயும் பொய்தான் சொன்னேன். போன வாரம் பஸ் ஸ்டாண்டுல நீங்க பேசும்போதும் சொல்லாம இருந்துட்டேன்."

பேச்சிமுத்துவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டின பல் வெள்ளையாகத் தெரிந்தது.

"அப்ப நான் சாயலையா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. எம்முதுகுல தலையை வச்சு நேராத்தான் இருந்தீங்க."

அவர் அதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் பார்ப்பது போல் இருந்தது. "நாலு மாசமாலே" என்றார். எழுந்து அடிக்க வந்திருந்தால் எட்வின் நின்று வாங்கிக்கொண்டிருப்பான். அவர் எழவில்லை. பழைய மவுத்பீஸை உருவித் துண்டில் சுற்றினார். பையைத் திறந்து, பட்டை விளிம்புள்ள புதியதை எடுத்துச் செருகி ஒரு சுரம் ஊதினார். அது தொளதொளவென்று தொங்கியது.

"மாஸ்டர், இதுல பழக எனக்கு மாசம் ஆகும்" என்றார். "வெளியாளு பிடிக்கணும்னா பிடிங்க. எனக்கு வருத்தமில்லை."

மாஸ்டர் எட்வினை ஒரு முறை பார்த்தார். பிறகு, "அவசரம் ஒண்ணும் இல்லை பேச்சி. நீ ஊது" என்றார்.

*

மறுநாள் மத்தியானம் மாரியாத்தாள் தறிக்கூடத்து வாசலுக்கு வந்தாள். எட்வின் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

"மதினி..."

"உங்க கூடச் சண்டை போட வரலை தம்பி" என்றாள். குரல் உயரவே இல்லை. "அவிய வந்து எல்லாம் சொன்னாவ. உங்களைப் பத்தி நான் ஒண்ணும் பேசலை. எம்பேச்சுதான் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. வாயில தையலோட கஞ்சி குடிக்க முடியாமக் கெடந்த மனுசனை எம்புட்டு ஏசினேன் தெரியுமா? தூங்குமூஞ்சின்னேன். அந்தத் தம்பி கைக்கு என்ன பதில் சொல்லப் போறீயன்னு தினம் கேட்டேன். அவிய ஒரு நாளாவது எதுத்துப் பேசியிருந்தா எனக்கு இப்பம் இப்பிடி இருக்காது. ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாவ."

எட்வினுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் அவளிடமிருந்து இன்னும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று பட்டது.

"அதை நான் எப்பிடித் திரும்ப எடுக்க? அதை மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எட்வின் உள்ளே போய், அறுந்து கிடந்த இழையை முடிந்தான். அது மறுபடி அறுந்தது. அன்று சாயங்காலம் வரை அவன் முடிந்தது எதுவும் நிற்கவில்லை.

*

தையில் தளவாய்புரத்துக் கல்யாணத்தில் பேச்சிமுத்துதான் வாசித்தார். பெரிய கிண்ணம் முழுசாக வசப்பட்டிருக்கவில்லை. வேகமான பாட்டுகளை மாஸ்டர் குறைத்துவிட்டார். கீழ்ச் சுரங்களில் அவர் மூச்சு முட்டும்போது இருளப்பசாமி கிளாரினெட்டில் இழுத்து மூடிக்கொடுத்தார். ஆனால் துண்டில் ரத்தம் இல்லை. எட்வின் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அந்தத் துண்டைத்தான் பார்த்தான்.

பேச்சிமுத்து அவனோடு பேசுவதை நிறுத்தவில்லை. சுருதி பார்க்கச் சொல்வார், தண்ணீர் பாட்டிலைக் கேட்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். 'ஏலே' என்று கூப்பிடுவது நின்றுபோய், 'எட்வின்' என்று முழுப் பேராகிவிட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்வின் கொட்டகைக்கு வந்தபோது பேச்சிமுத்து மட்டும் இருந்தார். அவர் மடியில் ரெண்டு மவுத்பீஸ்கள். ஒன்று அந்தப் பட்டை விளிம்பு. இன்னொன்று புதிதாகப் பளபளத்தது. தெரிந்த லேத் பட்டறையில் நாலைந்து நாள் கூடவே உட்கார்ந்து, தன் உதட்டுக்கு அளவு சொல்லிச் சொல்லி அவரே கடைய வைத்து வாங்கியது என்று இருளப்பசாமி முந்தைய வாரம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"திரும்பி நில்லு" என்றார் பேச்சிமுத்து. "எதுல ஊதுறேன்னு பாக்காத. எது தேவலைன்னு மட்டும் சொல்லு. நான் உள்ள இருந்து கேக்குறதும் வெளிய கேக்குறதும் ஒண்ணு இல்லை."

எட்வின் சுவரைப் பார்த்து நின்றான். முதலில் ஊதியது உருண்டையாக, நின்று வந்தது. இரண்டாவது அதைவிடப் பெரிய சத்தம். ஆனால் நீளமாகப் பிடிக்கும்போது ஓரத்தில் ஒரு நடுக்கம். கடைந்தது இரண்டாவதுதான் என்று எட்வினுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"முதல்ல ஊதுனதுதாண்ணே. ரெண்டாவது ஆடுது."



"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்."

"ரெண்டாவதுதான் எனக்குச் சொகமா இருக்கு."

"சொகமா இருக்கலாம்ண்ணே. ஆனா ஆடுது."

பேச்சிமுத்து மறுபடியும் ஊதினார். சொல்லாமல் வரிசையை மாற்றி ஊதினார். அப்புறம் ஒரே மவுத்பீஸில் ரெண்டு தடவை ஊதினார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் எட்வின், திரும்பாமல்.

நாற்காலி கிறீச்சிட்டது. பை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சரி, திரும்பு" என்றார் பேச்சிமுத்து. பட்டை விளிம்பு டியூபாவில் இருந்தது. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "ஓரத்துல ஆடுதா, நடுவுலயா?"

"ஓரத்துல. நீளமாப் பிடிக்கும்போது."

"அப்பம் கிண்ணத்தோட ஆழத்தைக் குறைச்சு இன்னொண்ணு கடையணும்." அவர் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "அடுத்த வாரம் கொண்டாரேன். அப்பமும் வந்து கேளு."

"வாரேண்ணே."

வாசலில் மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. எட்வின் டிரம்பெட்டை எடுத்து, வால்வுகளுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தான்.